இரும்பாலையில் ஓர் உஸ்தாது

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டத்து ஊர்கள். ஆயினும், திருவள்ளூரில் இருப்பவர் கும்மிடிப்பூண்டிக்கு இரயிலில் வர விரும்பினால், சென்னை வரை சென்று, அங்கே வண்டி மாறி, மறுபடியும் வடக்கு நோக்கிப் பயணம் செய்ய வேண்டும். 1997-இல் மாவட்டத்தைப் பிரித்தவர்கள் இருப்புப் பாதையை ஆலோசனை கேட்கவில்லை போலும். இந்தக் காரணத்தினால்தான், திருவள்ளூரில் வாழும் நம் தங்கையின் மகள் கடந்த இரண்டு ஆண்டுகளாகப் பொன்னேரியில் நம் இல்லத்தில் தங்கியிருக்கிறாள். தெற்கே போகும் வண்டியில் ஏறினால் அவள் பயிலும் பல்கலைக்கழகம். வடக்கே போகும் வண்டியில் ஏறினால் கவரைப்பேட்டையை அடுத்து கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் வளாகத்தில் உள்ள ஒரு வார்ப்பட ஆலையில் அவளுக்கு ஆய்வுப் பணி.

முனைவர் பட்டத்துக்கான ஆய்வு. பொருள், இயந்திரக் கற்றல். அதாவது, இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. முப்பது ஆண்டுகளாக மனிதப் பிள்ளைகளுக்குத் தமிழும் அரபும் சொல்லிக் கொடுத்துக் களைத்துப் போன நமக்கு, இந்தச் செய்தி முதலில் வேடிக்கையாகவே இருந்தது.

தங்கைக்கு அது வேடிக்கையாக இல்லை. ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். “அண்ணே, நீங்களே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பெண்பிள்ளை இரும்புக் கம்பெனிக்குப் போகிறாளாமே என்று தெருவில் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?” என்றாள். மாப்பிள்ளை வளைகுடாவில் இருக்கிறார். ஆகவே அந்தப் பொறுப்பு தாய்மாமனுக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை காலை நாமும் அவளோடு புறப்பட்டோம்.

கும்மிடிப்பூண்டி நிலையத்தில் இறங்கினால் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் ஒருங்கே காதில் விழும். இன்னும் சற்று வடக்கே போனால் ஆந்திர எல்லை. தேசிய நெடுஞ்சாலையின் ஓரமாக உருக்காலைகளும், கம்பி உருட்டும் ஆலைகளும், இரசாயனத் தொழிற்சாலைகளும் நெருங்கி நிற்கின்றன. ஆலைக்குள் நுழைந்ததும் எரிந்த மண்ணின் வாடை எதிர்கொண்டது. மண்ணால் அச்சு அமைத்து, உருகிய இரும்பை ஊற்றி, ஆறியபின் அச்சை உடைத்து, வார்ப்பைத் துப்புரவு செய்து, இறுதியில் ஒரு நீண்ட மேசையின்மேல் வைக்கிறார்கள். பம்புகளுக்கான உறுப்புகள் அவை. அந்த மேசையருகே நிற்பவர்தான் ஒவ்வொன்றையும் பார்த்து, நல்லது என்றோ கழிவு என்றோ தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

“அண்ணா, இவர்கள் எங்கள் மாமு” என்று நம் பெண் ஒருவரிடம் அறிமுகம் செய்தாள். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு நம்மை உற்றுப் பார்த்தார். பிறகு, “ஐயா!” என்றார்.

நம்முடைய பழைய மாணாக்கர். பத்தாம் வகுப்பில் நம்மிடம் தமிழ் படித்தவர். ரகரமும் றகரமும் அவருக்கு எந்நாளும் உடன்பட்டதில்லை. ‘கறை’ வரவேண்டிய இடத்தில் ‘கரை’ வரும். ‘இரை’ வரவேண்டிய இடத்தில் ‘இறை’ வந்து நிற்கும். அந்த ஆண்டு அவர் தேறவில்லை; பள்ளிக்கும் திரும்பவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த மேசையருகே நிற்கிறார். ஆலையில் இவருடைய கண்ணுக்கு மேல் முறையீடு கிடையாது என்று நம் பெண் வழியிலேயே சொல்லியிருந்தாள். அந்தக் கண் நம்மிடம் படித்த கண் என்பது அப்போது நமக்குத் தெரியாது.

நிற்க. இந்த ஆய்வு எத்தகையது என்பதை வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நமக்கு விளங்கிய அளவுக்கே சொல்கிறோம்.

நம் நாளில் முனைவர் பட்டம் என்றால், ஒரு மாணாக்கர், ஒரு நெறியாளர், ஒரு நூலகம். இப்போது அப்படியன்று. நம் பெண்ணுக்கு இரண்டு நெறியாளர்கள். ஒருவர் பல்கலைக்கழகப் பேராசிரியர்; மற்றவர் ஆலையின் பொறியாளர். மத்திய அரசின் அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியமும் இந்தியத் தொழிற் கூட்டமைப்பும் இணைந்து நடத்திவந்த பிரதமர் ஆய்வுதவித் திட்டத்தில், உதவித்தொகையில் பாதியை அரசும் பாதியைத் தொழில் நிறுவனமும் தந்தன. நம் பெண்ணுடையது அத்திட்டம் அன்று. எனினும் வழி அதுவே. கேள்வி ஆலையில் பிறக்கிறது, விடை பல்கலைக்கழகத்தில் தேடப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஜெர்மானிய நிறுவனமாகிய பாஷின் ஆதரவுடன் இத்துறைக்கென ஒரு மையம் 2017 முதல் இயங்குகிறது. கோவையிலுள்ள இன்னொரு வார்ப்பட ஆலையில் வேறொரு கல்லூரி மாணாக்கர் இதே ஆய்வைச் செய்கிறார், இருவரும் கூட்டாளிகள். ஆனால் ஓர் ஆலையின் கழிவு வார்ப்புகளின் படத்தை மற்ற ஆலைக்குக் காட்ட முதலாளிகள் இசைவார்களா? ஆகவே படங்கள் அந்தந்த ஆலையிலேயே இருக்க, இயந்திரம் அவற்றிலிருந்து கற்றுக்கொண்ட எண்கள் மட்டும் அங்குமிங்கும் பயணம் செய்கின்றன. கூட்டமைப்புக் கற்றல் என்று அதற்குப் பெயர்; 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் எழுதிய வழிமுறையாம். இரு பிரியாணி உஸ்தாதுகள் தத்தம் அடுப்படிக்குள் பிறரை விடாமல் பக்குவத்தை மட்டும் பரிமாறிக்கொள்வது போன்றது என்று நாம் சொன்னதற்கு, “கிட்டத்தட்ட அப்படித்தான் மாமு” என்றாள்.

இயந்திரம் எவ்வாறு கற்கிறது? ஒரு படம் என்பது கணினிக்கு எண்களால் நிறைந்த ஒரு பலகை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். அவற்றை இன்னின்ன மதிப்புகளால் பெருக்கிக் கூட்டி, ‘நல்லது’ என்றோ ‘கழிவு’ என்றோ ஒரு விடை சொல்கிறது. முதலில் குருட்டு விடைதான். விடை பிழை என்று தெரிந்தால் அம்மதிப்புகளைச் சிறிது திருத்திக்கொள்கிறது. மறுபடி அடுத்த படம், மறுபடி திருத்தம். 1958-இல் அமெரிக்க அறிஞர் ஃபிராங்க் ரோசன்பிளாட் இவ்வகை இயந்திரம் ஒன்றைக் காட்டியபோது, இடப்புறம் குறியிட்ட அட்டைக்கும் வலப்புறம் குறியிட்ட அட்டைக்கும் வேற்றுமை காண அதற்கு ஐம்பது முயற்சிகள் வேண்டியிருந்தன. நம் பள்ளியில் அதைவிட மெதுவாகக் கற்ற பிள்ளைகளும் உண்டு. பிற்காலத்தில் சிறந்தவர்களாகவும் ஆனார்கள்.

இத்துறையில் நம் மனத்தைக் கவர்ந்தது கணிதம் அன்று. அது நமக்கு எட்டாது. கவர்ந்தது அதன் ஆசிரிய–மாணாக்கத் தொடர். ஜெஃப்ரி ஹின்டன் என்பவர் எடின்பரோவில் ஆய்வு செய்து 1978-இல் முனைவரானார். மூளை நரம்புகளைப் போன்ற வலையமைப்பால் இயந்திரம் கற்கும் என்பது அவர் உறுதி. அவருடைய நெறியாளரோ அந்த நம்பிக்கையை அதற்குள் கைவிட்டிருந்தார். இருந்தும் மாணாக்கரை வெளியேற்றவில்லை. பிறகு ஹின்டனே டொராண்டோவில் ஆசிரியரானார். 2012-இல் அலெக்ஸ் கிரிசெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர் என்னும் இரு மாணாக்கர் அவருடன் சேர்ந்து, பன்னிரண்டு இலட்சம் படங்களை ஆயிரம் வகைகளாகப் பிரிக்கும் போட்டியில் வென்றனர். இரண்டாமிடத்தில் வந்தவர்களின் பிழை நூற்றுக்கு 26 அளவில் இருக்க, இவர்களுடையது 15 அளவுக்கு இறங்கியது. பெருங்கூடம் எதிலும் அல்ல. பெற்றோர் வீட்டு அறையில், கணினி விளையாட்டுக்கான இரண்டு அட்டைகளை வைத்துக்கொண்டு செய்த வேலை அது. ஹின்டனுக்கு 2024-இல் இயற்பியல் நோபல் பரிசும் கிடைத்தது.

இன்னொரு தொடர் நம் ஊருக்கே வருகிறது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பார்ட்டோ என்னும் ஆசிரியர். அவரிடம் ஆய்வு செய்து 1984-இல் முனைவரானவர் ரிச்சர்ட் சட்டன். வெகுமதியும் தண்டனையும் கொடுத்து இயந்திரத்தைப் பழக்கும் கல்வியை இருவரும் சேர்ந்து வளர்த்தனர். (நம் மத்ரஸாவில் பிரம்பும் பேரீச்சம்பழமும் இருந்தன, பேரீச்சம்பழம் நோன்பு மாதத்தில் மட்டும்.) 2024-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் பரிசு இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. அதே பார்ட்டோவிடம் 2004-இல் முனைவர் பட்டம் பெற்றுச் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தவர்தான் பேராசிரியர் பலராமன் ரவீந்திரன். மேற்சொன்ன மையத்தை நடத்தியவரும் அவரே. இவரிடமிருந்து அவர், அவரிடமிருந்து இவர் என்று இந்தப் பெயர்களை நம் பெண் சொல்லிக்கொண்டே போனபோது, நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். இது ஸனது அல்லவா! வேலூரில் ஓதி முடித்த நாளில், இந்தக் கிதாபை இவர் இன்னாரிடம் ஓதினார், அவர் இன்னாரிடம் ஓதினார் என்று மேலே மேலே செல்லும் பெயர்வரிசையை நாமும் பெற்றோமே!

நம்மவர் மேடைகளில் இத்துறையைப் பற்றிப் பேச நேர்ந்தால், உடனே அல்குவாரிஸ்மியின் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடுவார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அப்பெரியாரின் பெயரிலிருந்துதான் ‘அல்காரிதம்’ என்ற சொல் பிறந்தது என்பது உண்மையே. ஆனால் பாட்டனாரின் பெயரைச் சொல்லிப் பேரன் எத்தனை நாள் விருந்துண்ண முடியும்? நம் பெண் அப்பெயரை நம்மிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவள் பேச்செல்லாம் கேமராவும் விளக்கும் வார்ப்பும்தான்.

அந்த வார்ப்புக் கதைக்கு வருவோம்.

இயந்திரத்துக்குப் பாடம் சொல்ல ஆயிரக்கணக்கான படங்கள் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் விடையும் வேண்டும். படத்தைக் கேமரா தரும். விடையை யார் தருவது? நம் பழைய மாணாக்கர்தான். அவர் மேசையில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல, இவள் கணினியில் குறித்துக்கொண்டாள். இவ்வாறு பல மாதங்கள். ஒருநாள் மாலை முகமெல்லாம் மலர்ச்சியாக வந்து, “மாமு, ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறது!” என்றாள். வீட்டில் அன்று பாயசம் காய்ச்சினார்கள்.

மறுநாள் அந்தப் பாயசம் கசந்தது. கணினித் திரையில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் திடீரெனச் சிரித்துவிட்டாராம். “ஏம்மா, ரிஜெக்ட் ஆனது எல்லாவற்றிலும் என் சாக்கட்டிக் கோடு இருக்கிறதே?” என்றாராம். குறை கண்ட இடத்தில் சாக்கட்டியால் சிறு கோடு கிழிப்பது அவர் வழக்கம். படம் எடுத்ததோ கோடு கிழித்தபின். இவள் நல்ல வார்ப்பு ஒன்றை எடுத்து அதன்மேல் ஒரு கோடு கிழித்துக் காட்டினாள். இயந்திரம் கழிவு என்றது. வெடிப்புள்ள வார்ப்பின் கோட்டைத் துடைத்துவிட்டுக் காட்டினாள், நல்லது என்றது. இரும்பைப் பற்றி அது ஒன்றுமே கற்றிருக்கவில்லை. ஆசிரியரின் கோட்டைப் பார்த்து விடை எழுதியிருந்தது.

நாம் சிரிக்கவில்லை. குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளைகளிடம் இதை நாம் கண்டிருக்கிறோம். பதினைந்து வரிப் பிரதியில் ஓதிப் பழகிய பிள்ளை பக்கத்தின் உருவத்தோடு வசனத்தை நினைவில் வைத்திருப்பான். வேறு அச்சுப் பிரதியைக் கையில் கொடுத்தால், நேற்றுவரை வெள்ளமாக ஓடியவன் இடறுவான். அதனாலேயே தேர்ந்த உஸ்தாது பக்கத்தின் தலைப்பிலிருந்து கேட்கமாட்டார். நடுவிலிருந்து எடுத்துக் கொடுப்பார். ஜெர்மனியில் முன்பு ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போட்டதாம். கூட்டல் விடையைக் காலால் தட்டிச் சொல்லுமாம். 1907-இல் ஓர் ஆராய்ச்சியாளர் அதைப் பரிசோதித்து, அது பார்த்தது எண்ணையன்று, கேட்பவரின் முகக்குறிப்பையே என்று நிறுவினார். நம் பெண்ணின் இயந்திரமும் அக்குதிரையின் வழித்தோன்றல்தான். எடுத்த படங்கள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். அந்த வாரம் அவள் சரியாக உண்ணவில்லை.

இம்முறை கோடில்லாத படங்கள். இயந்திரம் நேர்மையாகக் கற்றது. ஆனால் ஓரளவுக்கு மேல் ஏறவில்லை. வெளிப்படையான துளைகளை அது கண்டுகொண்டது. சில வார்ப்புகளில் மட்டும் அவர் கழிவு என்பார். இயந்திரம் நல்லது என்றே சாதிக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. பல்கலைக்கழக நெறியாளர், குறித்துக் கொடுப்பவரிடம்தான் பிழை இருக்க வேண்டும் என்று கருதினார். கற்றோருக்கு இப்படித்தான் முதலில் தோன்றும்.

நாம் சென்றிருந்த அந்தச் சனிக்கிழமை அதன் மர்மம் துலங்கியது. கணினி ஒன்றும் அறியாத நாம் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு வார்ப்பையும் வெளிச்சத்தில் திருப்புகிறார். கட்டைவிரலால் ஓர் ஓரத்தைத் தடவுகிறார். சிறு சுத்தியால் ஒரு தட்டுத் தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். இத்தனையும் இரண்டு மூச்சு நேரத்தில். “தம்பி, எதற்காகத் தட்டுகிறாய்?” என்றோம். “உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்துப் போயிருக்கும் ஐயா” என்றார். பிறகு நம் கையைப் பிடித்து ஒரு வார்ப்பின் வளைவில் வைத்து, “இங்கே தெரிகிறதா?” என்று கேட்டார். நமக்கு ஒன்றும் தெரியவில்லை. இரு பக்கமிருந்து ஓடிவரும் உருகிய இரும்பு, சூடு குறைந்த காரணத்தால் ஒன்றோடொன்று கலவாமல் ஒட்டி மட்டும் நின்றுவிடுமாம். கோல்டு ஷட் என்பார்கள். மேலே ஒரு மயிரிழை. கண்ணுக்கு அது சிலவேளை தப்பும், விரலுக்குத் தப்பாது.

நம் பெண் குறிப்பேட்டை மூடிவிட்டு அவரையே பார்த்தாள். அவர் தீர்ப்பு கண்ணும் விரலும் காதும் கூடிச் சொன்ன தீர்ப்பு. கேமராவுக்கோ கண் மட்டுமே உண்டு. படத்தில் இல்லாத ஒன்றை, படத்தைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று இத்தனை நாள் இயந்திரத்தை வருத்தியிருக்கிறார்கள்.

தேநீர் வேளையில் அவர் நம்மைத் தனியே அழைத்துப் போனார். “ஐயா, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை, தங்கமான பிள்ளை. ஆனால் இந்த மிஷின் தேறிவிட்டால் என் நிலைமை என்ன? என் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள்” என்றார். யாரையும் நீக்கமாட்டோம் என்று மேலாளர் வாயால் சொல்லியிருக்கிறாராம், காகிதத்தில் ஒன்றுமில்லை. நாம் என்ன சொல்வோம்? ‘இறைவன் இருக்கிறான்’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். உண்மைதான், ஆனால் அவர் கேட்டது நம் வீட்டுப் பெண்ணைப் பற்றி. பேசாதிருந்தோம். அவரே நம்மைச் சங்கடத்திலிருந்து மீட்பதுபோலச் சிரித்துக்கொண்டு, “அந்தக் காலத்தில் என்னையும் நீங்கள் தட்டிப் பார்த்தீர்கள். சத்தம் சரியில்லை என்று ஒதுக்கி வைத்துவிட்டீர்கள்” என்றார்.

பகடியாகத்தான் சொன்னார். ஆனால், ‘கவனமில்லை, தேறுவதற்கில்லை’ என்று அவருடைய மதிப்பெண் அட்டையில் சிவப்பு மையால் நாம் எழுதியது கண்முன் வந்து நின்றது. இரண்டு எழுத்துகளுக்காக எழுதிய தீர்ப்பு அது. அந்தத் தேநீரை நாம் முழுதும் குடிக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து நம் பெண் தன் ஆய்வுக் கட்டுரையின் முதல் வரைவைக் காட்டினாள். ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்துப் பொருள் சொன்னாள். கட்டுரையின் தலைப்பில் ஐந்து பெயர்கள். உள்ளே ஓரிடத்தில், ‘அனுபவமிக்க நிபுணர் ஒருவரால் குறியிடப்பட்ட தரவு’ என்று ஒரு தொடர். அவ்வளவே.

“யார் அந்த ஒருவர்?” என்றோம்.

“அவர்தான் மாமு. வழக்கமாக இப்படித்தான் எழுதுவார்கள்.”

ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இந்தத் தொடர் சுருக்கென்று தைக்கும். ‘ஒருவர் எனக்கு அறிவித்தார்’ என்று ஓர் அறிவிப்பாளர் பெயரின்றி வந்தால் அவரை முப்ஹம் என்பார்கள்; அந்த அறிவிப்புத் தொடர் பலவீனப்பட்டுவிடும். ‘நம்பத்தக்க ஒருவர் எனக்கு அறிவித்தார்’ என்று சொன்னாலும் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. நீர் நம்பினீர், பெயரைச் சொல்லும், நாங்களும் விசாரித்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் வாதம். ‘அனுபவமிக்க நிபுணர் ஒருவர்’ என்பது அந்த ‘நம்பத்தக்க ஒருவர்’ அன்றி வேறென்ன? உன் இயந்திரத்தின் ஸனது அவரில் போய் முடிகிறது. அவர் பெயரை விட்டுவிட்டால் தொடர் அறுந்துவிடாதா என்று நாம் சற்று உரக்கவே கேட்டோம்.

அவளும் விடவில்லை. இத்துறையில் பெயர் போடும் முறைகளை எடுத்துச் சொன்னாள். 2017-இல் வந்த ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் எட்டுப் பேர். அனைவரும் சமமாக உழைத்தோம், பெயர்வரிசை தற்செயலானது என்று அடியில் குறித்திருந்தார்களாம். இன்றைய உரையாடும் இயந்திரங்கள் அனைத்துக்கும் அடித்தளம் அக்கட்டுரையே. நல்ல மரபு என்றோம். பிறகு, சற்றுத் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். டொராண்டோ மாணாக்கர் 2012-இல் வென்றார்களே, அந்தப் போட்டியின் படங்கள் 2009-இல் வெளிவந்த இமேஜ்நெட் தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. அத்தொகுப்பில் இது நாய், இது கப்பல் என்று குறித்துக் கொடுத்தவர்கள் 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேர். இணையத்தின் வழியே சில்லறைக் கூலிக்கு வேலை செய்தவர்கள். அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையின் தலைப்பிலும் இல்லை.

“அவர்களை விட்டார்கள் என்பதற்காக நீயும் விடுவாயா?”

“மாமு, முதலில் அவரைக் கேட்போம்” என்றாள். நமக்குத் தோன்றாத யோசனை அது.

கேட்டோம். அவர் சொன்ன விடை நம் வாதத்தை அடியோடு புரட்டிவிட்டது. “பெயர் வேண்டாம் ஐயா. நாளைக்கு மிஷின் ஒரு தப்பான வார்ப்பை அனுப்பி, எங்கேயோ ஒரு பம்பு உடைந்தால், யார் சொல்லிக் கொடுத்தது என்று என்னைத் தேடிக்கொண்டு வருவார்கள். நான் சொல்லிக் கொடுத்தது தட்டிப் பார்த்து. அது தட்டாமல் சொல்கிறது. அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?”

ஸனதில் பெயர் சொல்வது பெருமைக்காக அன்று, பொறுப்புக்காக என்பதை நமக்கு அந்த மேசையருகே ஒருவர் நினைவூட்ட வேண்டியிருந்தது. தாம் அறிவிக்காததைத் தம் பெயரால் அறிவிக்க அவர் இசையவில்லை. இமாம்கள் மெச்சியிருப்பார்கள்.

“அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் அண்ணா?” என்றாள் நம் பெண். குரலில் சோர்வு தெரிந்தது. பட்டம் இரண்டாம் முறையாகக் கையை விட்டு நழுவுவதுபோல அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவர் கணினித் திரையைக் காட்டினார். நல்லது, கழிவு என்று அதில் இரண்டு கட்டங்கள். “இதில் எனக்கு இடமே இல்லையே அம்மா. எனக்கே சில காய் சந்தேகமாக இருக்கும். இரண்டில் ஒன்றை அமுக்கு என்கிறீர்கள், அமுக்குகிறேன். மூன்றாவதாக ஒரு கட்டம் வையுங்கள். ‘தட்டிப் பார்க்கணும்’ என்று.”

மார்க்கச் சட்ட அறிஞர்கள் ஆதாரம் போதாத இடத்தில் தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வார்கள். தவக்குஃப் என்பது அதன் பெயர். தெரியாது என்று சொல்லத் தெரிந்திருப்பதும் அறிவின் பகுதியே. இயந்திரங்களுக்கோ அது எளிதில் வருவதில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் அடித்துப் பதில் சொல்லும் அவசரக்காரப் பிள்ளைகள் அவை. நம் பெண் நூல்களைத் தேடிப் பார்த்தபோது, 1970-இலேயே சி. கே. சௌ என்னும் அறிஞர், எந்த அளவு ஐயத்தில் இயந்திரம் தீர்ப்பு மறுக்கலாம் என்பதற்குக் கணித விதி எழுதியிருப்பது தெரியவந்தது. விதி பழையது, இந்த ஆலையில் அதைக் கேட்டவர் ஒருவர் தேவைப்பட்டார். அவள் ஆய்வு அத்துடன் திசை திரும்பியது. இயந்திரம் எத்தனை சரியாகச் சொல்கிறது என்பதோடு, எதைத் தன்னால் சொல்ல முடியாது என்று சரியாக அறிகிறதா என்பதும் அதன் கேள்வியாயிற்று. பல்கலைக்கழக நெறியாளர் முதலில் முகம் சுளித்தார். பிறகு, இது தனி அத்தியாயமாக வரட்டும் என்றார். கோவை மாணாக்கரும் தம் ஆலையில் ஒரு மூன்றாம் கட்டம் வைத்தார்.

இப்போது மேசையருகே கேமரா நிற்கிறது. தெளிவான நல்லதையும் தெளிவான கழிவையும் அது பிரித்துவிடுகிறது. ஐயமானவை அவரிடம் வருகின்றன. அவருடைய வேலை குறைந்தது, ஆனால் போகவில்லை. எத்தனை காலத்துக்கு? அதை நாம் உறுதி சொல்ல முடியாது. இன்னொரு கருவி வாங்கி ஒலியையும் இயந்திரத்துக்குக் கேட்க வைக்கலாம் என்று மேலாளர் பேசத் தொடங்கியிருக்கிறாராம். நம் பெண் அதைச் சொன்னபோது நம் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

சென்ற மாதம் பல்கலைக்கழகம் ஒரு படிவம் கேட்டது. ஆய்வில் பங்கேற்றவர், தம் குறிப்புகளைப் பயன்படுத்த இசைவு தர வேண்டுமாம். ஆங்கிலத்தில் இருந்த படிவத்தை நாம் தமிழாக்கினோம். நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர் அதை ஒவ்வொரு வரியாக வாசித்தார். ‘பெயர் வெளியிடலாமா’ என்ற கேள்விக்கு நெடுநேரம் பேனாவைக் கையில் வைத்திருந்தார். பிறகு, “மூன்றாவது கட்டம் அத்தியாயத்தில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா. அது என் சொல்தான்” என்று சொல்லி, இசைவுக் குறி இட்டார். கையொப்பத்தின் கீழ், யாரும் கேட்காமலே, தம் கையால் ஒரு வரியும் எழுதினார்: ‘சந்தேகமான காயை தட்டி பாற்காமல் அனுப்ப கூடாது.’

நம் பெண் அதை வாங்கி நம்மிடம் நீட்டினாள். மூக்குக் கண்ணாடியை அணிந்து பார்த்தோம். றகரம் அங்கே இருந்தது. வல்லெழுத்து வரவேண்டிய மூன்று இடங்களில் அது வரவில்லை. சட்டைப் பையில் சிவப்புப் பேனாவும் இருந்தது. படிவத்தை மடியாமல் உறையில் இட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தோம். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அந்த வரி உள்ளபடியே போகிறது.